எல்லோரும் மலையேறும் மே மாதத்தில் நாங்கள் திண்டுக்கல்லுக்கு இறங்கிய கதை

மே மாதம் திண்டுக்கல்லுக்குப் பயணம் போவது எப்படி என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. காரணம் எளிது, யாரும் போவதில்லை. மே பிறந்தால் திண்டுக்கல்காரர்களே மூட்டையைக் கட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கு ஏறிவிடுவார்கள். நாங்கள் இந்த மே மாதம் அவர்களுக்கு எதிர்த்திசையில் இறங்கி மூன்று நாள் இருந்தோம். எங்களைப் போல இன்னொரு கிறுக்குத் தம்பதி எங்காவது இருக்கக்கூடும். அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் பிலோமி. திண்டுக்கல் நாகல் நகரில் பிறந்து வளர்ந்தவள். கொடைக்கானலில் வாக்கப்பட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் அமல்ராஜ் மலையிலேயே பிறந்தவர், மலையிலேயே ஜீப் ரிப்பேர் ஷெட் வைத்திருப்பவர். கல்யாணம் பேசி முடித்தபோது, "குளுகுளுன்னு இருக்கலாம், குடுத்து வச்சவ" என்று தெருவே பொறாமைப்பட்டது. நான் குடுத்து வைத்தது என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள். தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகக் கிடக்கும், அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தடவ வேண்டும். இட்லி மாவுக்குக் கம்பளி போர்த்தித் தூங்க வைத்தாலும் காலையில் அரைத்த மேனிக்கு அப்படியே அசையாமல் இருக்கும். துவைத்த துணி மூன்றாம் நாளும் ஈரவாடை அடிக்கும். டிசம்பரில் என் கைவிரல்கள் கேரட் மாதிரி சிவந்து வீங்கிவிடும்.

குளிர் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால் ரசனையான மனுஷன் என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கு வெயில் பிடிக்கும் என்று சொன்னால், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்கிறார்கள். எனக்கு வெயில்தான் பிடிக்கும். காலை ஏழு மணிக்கே கழுத்தோரம் வேர்க்க ஆரம்பித்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். என் வீட்டுக்காரருக்கோ ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெயில் மேலே பட்டால் போதும், நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வார். ஜனவரி மாதம் வெறும் பனியனோடு வாசலில் நின்று பல் விளக்குகிற ஆள் அவர். நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து பார்த்துப் பல்லைக் கடிப்பேன். கோபத்தில் பாதி, குளிரில் பாதி.

பயணத்துக்குக் காரணம் இதுதான். ஷெட் இருக்கும் இடத்தில் ரூம் கட்டி டூரிஸ்டுகளுக்கு விடப்போவதாகவும், காலி செய்துவிடுங்கள் என்றும் இடத்துக்காரர் சொல்லிவிட்டார். மாற்று இடம் இரண்டு கிடைத்தது. ஒன்று மலைக்குள் இன்னும் உள்ளே, மன்னவனூர்ப் பக்கம், காற்றுக்கு ஒரு மறைப்பும் இல்லாத வெட்டவெளி. இன்னொன்று என் அண்ணன் ஆரோக்கியம் பார்த்து வைத்தது. திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டில் ஒரு ஷெட், மாடியில் வீடு. உரிமையாளர் காதர் பாய். டயர் கடைக்காரர் ஒருவரும் அதே இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்று பாய் கெடு வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கடை நல்லாத்தான் இருக்கும். நான் அங்க உசுரோட இருக்கணும்ல. உங்க அண்ணன் மக காதுகுத்துக்கு எப்படியும் போகணும். மூணு நாள் இருந்து பாக்குறேன். தாங்குச்சுன்னா திண்டுக்கல். தாங்கலைன்னா மன்னவனூர். அப்புறம் நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன். "அண்ணே, மூணு நாளும் அவருக்குச் சூடுன்னா என்னன்னே தெரியக் கூடாது. என் வாழ்க்கை உன் கையிலதான் இருக்கு" என்றேன். என் அண்ணன் ஒரு ஏசி மெக்கானிக். ஏசி மெக்கானிக்கிடம் இப்படியொரு வார்த்தையைச் சொல்லவே கூடாது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கொடைக்கானல் பஸ் நிலையத்தில் ஏறினோம். திண்டுக்கல்லுக்குச் சுமார் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு நூற்றைந்து ரூபாய். பஸ்ஸில் எங்களோடு சேர்த்து ஒன்பது பேர். எதிரே ஏறுகிற கார்கள் பெருமாள்மலை தாண்டியும் வால் முடியாமல் நின்றன. எல்லோரும் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, எங்கள் குளிரை ஆசையாக முகர்ந்துகொண்டிருந்தார்கள்.

கண்டக்டர் வந்து, "எங்க?" என்றார்.

"திண்டுக்கல் ரெண்டு."

அவர் டிக்கெட்டைக் கிழிக்காமல் எங்கள் முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, சும்மாதான் போறோம்."

"மே மாசத்துலயா?" என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் கேட்பது நாகரிகமில்லை என்று போய்விட்டார்.

இறங்க இறங்க நான் உரிக்க ஆரம்பித்தேன். வெள்ளி அருவி பக்கம் குல்லா, ஊத்து என்கிற ஊர் வரும்போது ஸ்வெட்டர், கடைசி வளைவுக்கு முன்னால் காலுறை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைக்குள் திணிக்கும்போது ஒவ்வொரு வயசு குறைந்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தார். வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் பத்து நிமிஷம் நின்றது. நான் சூடாக ஒரு டீ வாங்கிக் குடித்தேன். அவர் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினார், பாதியைக் குடித்தார், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"இன்னும் எம்புட்டு தூரம்?" என்றார்.

"முப்பத்திமூணு கிலோமீட்டர்."

"இதை விடச் சுடுமா?"

நான் டீயை இன்னொரு வாய் குடித்தேன். வத்தலக்குண்டைத் தாண்டியதும் ஜன்னல் வழியாக அந்தக் காற்று வந்தது. அடுப்பை ஊதும்போது முகத்தில் அடிக்குமே, அந்தக் காற்று. நான் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கினேன். பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தார்.

ஒன்றேகாலுக்குத் திண்டுக்கல். அண்ணன் குடை, ஈரத்துண்டு, ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் சகிதம் பஸ் வாசலிலேயே நின்றான். "வாங்க மாப்ள" என்றான், அவ்வளவுதான், அவர் தலையில் ஈரத்துண்டு விழுந்துவிட்டது. ஆட்டோவுக்குள் ஏற்றும்வரை குடையை அவர் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு வந்தான். பார்த்தவர்கள் அவரை ஏதோ கண் ஆபரேஷன் ஆன ஆள் என்று வழிவிட்டார்கள்.

வீட்டில் எங்களுக்குக் கொடுத்த அறை பத்துக்குப் பத்து. அதில் ஏற்கெனவே ஒரு ஏசி உண்டு. அண்ணன் முந்தின நாள் எதிர்ச்சுவரில் இன்னொன்றையும் மாட்டியிருந்தான். "சர்வீஸுக்கு வந்த பீஸு. ஓட்டிப் பாத்த மாதிரியும் ஆச்சு" என்றான். இரண்டும் பதினாறில் ஓடின. போதாதென்று மேலே மின்விசிறி. கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து புகை மாதிரி ஒன்று வந்தது. தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் இறங்கி வந்து கொடைக்கானலுக்குள்ளேயே போய் நின்றேன். ராத்திரி நான் அங்கே படுக்க முடியாது என்று சொல்லிவிட்டு அண்ணியோடு ஹாலில் படுத்துக்கொண்டேன்.

ஆனால் அதற்கு முன்னால், மூன்று மணி வெயிலில், துணி காயப்போடுகிறேன் என்று சொல்லி மொட்டை மாடிக்குப் போனேன். தரையில் கால் வைத்தேன், சுட்டது. செருப்பை எடுக்காமல் அப்படியே ஒரு காலை மாற்றி ஒரு காலாக நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தியமாகச் சூட்டினால் இல்லை. இது எனக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற நினைப்பினால். அரைமணி நேரத்தில் துணி காய்ந்து விறைப்பாகிவிட்டது, மடித்தால் முறுக்கு மாதிரி சத்தம் கேட்டது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றதை அண்ணி பார்த்துவிட்டாள்.

சனிக்கிழமை ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல். காலை ஏழு மணிக்கே அண்ணன் மாப்பிள்ளையைப் பைக்கில் தூக்கிப் போட்டுக்கொண்டு தாடிக்கொம்பு தாண்டி அகரத்துக்குப் போய்விட்டான். எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். அங்கே அவன் கூட்டாளி ஒருவருக்குத் தோட்டமும் பம்பு செட்டும் உண்டு. உச்சி முதல் உள்ளங்கால் வரை விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து தேய்த்து, சூடு இறங்கட்டும் என்று ஒன்றரை மணி நேரம் பம்புத் தண்ணீருக்கு அடியில் உட்கார வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் பிடிக்கும். எழுந்திருக்கவே மாட்டேன் என்றாராம். எழுந்ததும் பதநீர். அதன் மேல் நுங்கு. வரும் வழியில் இளநீர். வீட்டில் அண்ணி பங்குக்கு ஒரு சொம்பு மோர். "அண்ணே, குடிங்க, வயித்துக்கு நல்லது" என்று அவள் நீட்ட, அவர் மறுக்கத் தெரியாமல் குடித்தார்.

மதியம் பன்னிரண்டரைக்கு நத்தம் ரோட்டுக்குக் கடை பார்க்கப் போனோம். அந்த நேரத்தில் போகக் கூடாது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். காதர் பாய் லுஹர் தொழுகைக்குப் போவதற்கு முன்னால் அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது, வேறு வழியில்லை. முன்பு தோல் அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கி அது. மேலே முழுக்கத் தகரம். உள்ளே கால் வைத்ததும் அண்ணனே "ஸ்ஸ்" என்று பின்வாங்கினான். பாய் தன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் நடுவில் போய் நின்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மேலே தகரத்தைப் பார்த்தார், இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டார், "உள்ள நல்லா ஜில்லுன்னுதான் இருக்கு" என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினான். நான் மனசுக்குள் புனித அந்தோணியாருக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். புனிதர் செய்கிற புதுமைதான் நடந்துவிட்டது என்று நினைத்தேன். பதினோரு வருஷமாக ஒரு மனுஷனோடு குடித்தனம் நடத்தியும், அது காய்ச்சலின் ஆரம்பம் என்று எனக்குப் புரியவில்லை பாருங்கள்.

"மாஷா அல்லாஹ், உங்களுக்கு நல்ல உடம்பு தம்பி" என்றார் பாய். "நாளைக்கு சாயங்காலம் ஒரு வார்த்தை சொல்லிருங்க. டயர்க்காரரு நச்சரிக்கிறாரு."

சாயங்காலம் அண்ணன் வெற்றிக் களிப்பில் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தான். மாப்பிள்ளைக்கு மட்டும் இரண்டு. ராத்திரி மறுபடி இரண்டு ஏசி, ஒரு மின்விசிறி.

ஞாயிறு காலை கதவைத் தட்டினேன். பதில் ஏதோ கதவுக் கீல் கிறீச்சிடுகிற மாதிரி வந்தது. உள்ளே போனால், மெத்தை விரிப்பு, தலையணை உறை, என் இரண்டு ஸ்வெட்டர், அண்ணன் மகளின் பள்ளிக்கூடச் சட்டை, கையில் கிடைத்த எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டு சுருண்டு கிடந்தார். மூக்கு சிவந்து, கண் வீங்கி, பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தன. ஜனவரியில் பனியனோடு பல் விளக்குகிற ஆள், நாற்பதைத் தொடுகிற வெயிலில், திண்டுக்கல்லில், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மன்னவனூர்தான். நேராக ஹாலுக்குப் போய் அண்ணனைப் பிடித்தேன். "மனுசனை மார்ச்சுவரில வச்ச மாதிரி வச்சிருக்கியே, உனக்கு அறிவு இருக்கா?"

அவன் அசரவில்லை. "ரெண்டு நாளா மாப்ளைக்கு ஒரு சொட்டு வேர்வை வந்துச்சா? நீயே சொல்லு."

"சளி பிடிச்சு, காய்ச்சல் வந்து கெடக்காரு."

"அது சூட்டுச் சளி. உடம்புல சூடு ஏறினாலும் சளி பிடிக்கும். இன்னும் ரெண்டு எளநி குடுத்தா இறங்கிரும்" என்று அரிவாளைத் தேடப் போனான். எங்கள் ஊரில் இது ஒரு பெரிய கஷ்டம். குளிர்ச்சியாலும் சளி பிடிக்கும், சூட்டினாலும் சளி பிடிக்கும், எது என்று வீட்டில் உரத்த குரல் உள்ளவர்தான் முடிவு செய்வார். அண்ணி சுக்குக் காபி போட்டாள். "இந்த வெயில்ல சுக்கா?" என்று அண்ணன் அதை வாங்கித் தானே குடித்துவிட்டான்.

காதுகுத்து நத்தம் பக்கம், அண்ணியின் சொந்தக்காரர்களுடைய மாந்தோப்பில். திண்டுக்கல்லிலிருந்து முப்பத்தேழு கிலோமீட்டர், வேனில் ஒரு மணி நேரம். டிரைவரிடம் அண்ணன் ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். ஏசியின் நான்கு துவாரமும் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியிருந்தன. நான் கையால் ஒன்றை மூடினால் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அண்ணனுக்குக் காத்து வரலையா அக்கா?" என்று கேட்டு இன்னும் கூட்டினார்.

தோப்பில் பந்தல், மைக் செட், பிரியாணி வாசனை, எல்லாம் முறையாக இருந்தது. எங்கள் பக்கத்து விசேஷங்களில் வீட்டு மாப்பிள்ளைகளுக்கும் மாமன் மச்சான்களுக்கும் மைக்கில் பெயர் சொல்லிச் சால்வை போடுவார்கள். போட்ட சால்வையை உடனே கழற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குத் தோளைக் காட்ட வேண்டும். அன்றைக்கு யாரெல்லாமோ வாங்கினார்கள், என் வீட்டுக்காரரை மட்டும் ஒருவரும் நெருங்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேர்த்துவிடும், சால்வை, மாலை எதுவும் போடாதீர்கள், கையை மட்டும் குடுங்கள் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். அதற்குப் பதில் மரியாதையாக, தண்ணீரைப் புகையாக அடிக்கிற ஒரு பெரிய வாடகை மின்விசிறியை அவர் நாற்காலிக்கு எதிரே, முகத்துக்கு நேராக நிறுத்தியிருந்தான். அவர் முடியெல்லாம் நனைந்து, மீசையில் திவலை நிற்க, நடுங்கிக்கொண்டே வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணியின் பெரியப்பாவுக்கு மூன்றாவது சால்வை விழுந்தபோது என் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "பிலோமி, அந்தச் சால்வையில ஒன்னு எனக்கு யாராச்சும் போடுவாங்களா, கேளேன்" என்றார். குரல் போய், கண்ணில் தண்ணீர் கட்டியிருந்ததால் அது ஏக்கமாகக் கேட்டது.

நான் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அவருக்கு ஒரு சால்வை வேணுமாம் பெரியப்பா."

பெரியப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். சிவந்த கண், துடிக்கிற உதடு. "அடடா, மாப்பிள்ளை மனசு கோணிட்டாரே" என்று எழுந்துவிட்டார். "அவரு வாயைத் திறந்து கேக்குற அளவுக்கு விட்டுட்டமே. யாருப்பா அவருக்கு மரியாதை பண்ண வேணாம்னு சொன்னது?" அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவனைப் பத்துப் பேர் பிடித்துத் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மைக் செட்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, "மலை தந்த மாணிக்கம், எங்கள் இல்லத்து மாப்பிள்ளை அமல்ராஜ் அவர்களுக்கு" என்று தொடங்கினார். அப்புறம் வரிசை நின்றது. பெரியப்பா போட்டார், சித்தப்பாக்கள் போட்டார்கள், பந்தல்காரர்கூட ஒன்று போட்டார்.

என் வீட்டுக்காரர் ஒன்றையும் கழற்றவில்லை. விழ விழ இழுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொண்டார். பத்துக்கு மேல் விழுந்திருக்கும், முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்த முகத்தில் இரண்டு நாளாக இல்லாத நிம்மதி.

"எம்புட்டு மரியாதை தெரிஞ்ச மனுசன்" என்று என் பின்னால் ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். "ஒன்னைக்கூடக் கழட்டல பாரு. நம்ம ஆளுக போட்ட கையோட தூக்கி எறிவானுக."

பந்தி ஒன்றரைக்கு. சீரக சம்பா மட்டன் பிரியாணி, தால்சா, தொட்டுக்கொள்ள வெஞ்சனமாகச் சுக்கா வறுவல். சால்வைகளோடேயே உட்கார்ந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். மிளகுக் காரத்தில் நெற்றியில் மெல்ல வேர்வை அரும்பியது, துடைக்கவில்லை. கை கழுவியதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, மாமர நிழலை விட்டு நடந்து, வெட்ட வெயிலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். தோப்பே வாயைப் பிளந்து பார்த்தது. நானும் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கென்ன, கசக்குமா?

சால்வைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார். அப்புறம், "இப்படித்தான் இருக்குமா உனக்கு?" என்றார்.

"எப்படி?"

"எலும்புக்குள்ள இருந்து வருது. எதைப் போத்தினாலும் அடங்க மாட்டேங்குது. பல்லு, நகக்கண்ணு எல்லாம் வலிக்குது."

"டிசம்பர், ஜனவரியில இப்படித்தான். மத்த மாசம் கொஞ்சம் பரவால்ல."

"நீ சொல்லவே இல்லையே."

"தெனமும் சொன்னேன். நீங்க ஸ்வெட்டரைப் போடுன்னீங்க."

அவர் என் கையை எடுத்து விரல்களைப் பார்த்தார். மே மாதம், வீக்கம் எதுவும் இல்லை, ஆனாலும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். என் வாய் இருக்கிறதே. "இது சளி. ரெண்டு நாள்ல போயிரும்" என்று சொல்லிவிட்டேன். "அப்புறம் நம்மூரு வெயில் எப்பவும் போலத்தான் சுடும். அந்தத் தகரத்துக்கு அடியில ஜில்லுன்னெல்லாம் இருக்காது. நேத்து உங்களுக்கு இருந்தது காய்ச்சல். அப்புறம் என்னையத் திட்டக் கூடாது."

கடைசியில் என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன் பயணக் குறிப்புகளை இங்கேயே எழுதிவிடுகிறேன். கதையைக் கேட்டுவிட்டு ஓடிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். மே மாதம் கீழே இறங்குகிறவர்கள் காலை பத்து மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள், அதற்கு மேல் எதிரே வரும் கார்களில் மாட்டிக்கொள்வீர்கள். சீட்டு தாராளமாகக் கிடைக்கும், முன்பதிவெல்லாம் வேண்டாம். கதர் அல்லது பருத்திச் சட்டை போதும். திண்டுக்கல்லில் பன்னிரண்டு முதல் நான்கு வரை வெளியே போகாதீர்கள், என்னைப் போன்ற ஆளாக இருந்தால் அந்த நேரத்தில் மட்டும் போங்கள். நுங்கு, பதநீர், இளநீர், மோர் எல்லாம் அருமையான பொருள்கள்தான், ஆனால் ஒரு நாளைக்கு ஒன்று. நத்தம் பக்கம் போனால் மாம்பழம் வாங்காமல் வராதீர்கள். ஏசி இருபத்தாறில் இருக்கட்டும். முக்கியமாக, உங்களுக்குச் சூடு ஆகாது என்று திண்டுக்கல் சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். குளிர் ஆகாது என்றும் சொல்லாதீர்கள். இரண்டையும் சரி செய்ய அவர்களிடம் ஆள் இருக்கிறது.

நாங்கள் நாகல் நகர் திரும்பும்போது மணி ஐந்து. அண்ணன் அவமானத்தில் நேரே போய் எதிர்ச்சுவர் ஏசியைக் கழற்றிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் சுக்குக் காபி டம்ளரோடு மொட்டை மாடிக்கு ஏறினார். நான் பின்னாலேயே போனேன். தரையில் இன்னும் சூடு இருந்தது. அவர் போனை எடுத்து காதர் பாய்க்குப் போட்டார். பாய்க்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவர் கத்திப் பேசுவார், ஸ்பீக்கர் போடாமலேயே எனக்குக் கேட்டது.

"சொல்லுங்க தம்பி. முடிவு பண்ணியாச்சா? நேத்து நீங்க போனப்புறம் வீட்ல பேசிக்கிட்டோம். மலையிலயே பொறந்து வளந்த ஆளு, நம்மூரு வெயில் அவருக்குத் தாங்குமான்னு."

என் வீட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தூரத்தில் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தெரியல பாய். நான் இங்க வந்து மூணு நாளுதான் ஆச்சு. அவ எங்க ஊர்ல பதினோரு வருஷம் தாங்கிட்டா. டயர்க்காரருக்கு இல்லைன்னு சொல்லிருங்க, நாங்க வாரோம்."